தலைவர் தீயில் இறங்கச் சொன்னால்...

அல்ஹம்து லில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ். அம்மா பஃது.



நபி (ஸல்) அவர்கள் ஒரு சிறு படையை அனுப்பினார்கள். அன்ஸாரி ஒருவரைத் தலைவராக்கி, அவருக்குக் கட்டுப்பட்டு நடக்கும்படி சொல்லியனுப்பினார்கள். ஏதோ ஒரு விஷயத்தில் அந்தத் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. விறகு சேர்க்கச் சொன்னார், சேர்த்தார்கள். தீ மூட்டச் சொன்னார், மூட்டினார்கள். இதில் இறங்குங்கள் என்றார். ஸஹாபாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நெருப்புக்குப் பயந்துதானே நபியிடம் ஓடி வந்தோம் என்று நின்றுவிட்டார்கள். தீயும் அணைந்தது, கோபமும் தணிந்தது. பிறகு இதைக் கேள்விப்பட்ட நபியவர்கள், இறங்கியிருந்தால் அவர்கள் அதிலிருந்து வெளியேறியிருக்கவே மாட்டார்கள், கட்டுப்படுதல் நன்மையில் மட்டும்தான் என்று தெளிவுபடுத்தினார்கள். அலீ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது.

இந்த ஹதீஸை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு சம்பவத்தைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் பென்னிங் என்றொரு பெரிய ராணுவத் தளம். லத்தீன் அமெரிக்க நாடுகளின் ராணுவத்தினருக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள். எல் சால்வடார் நாட்டு வீரர்களும் அங்கு வந்தார்கள். அந்த நாட்டில் ராணுவம் சொந்த மக்களையே கொன்றுகொண்டிருந்த காலம். அங்கே ஆஸ்கர் ரொமேரோ என்ற பேராயர், இறைவனின் சட்டத்துக்கு எதிரான உத்தரவுக்கு எந்தச் சிப்பாயும் கட்டுப்பட வேண்டியதில்லை என்று தன் பிரசங்கத்தில் சொன்னார். மறுநாள், 1980 மார்ச் 24 அன்று, வழிபாடு நடத்திக்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

ராய் பூர்ஷ்வா என்பவர் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். வியட்நாம் போரில் காயம்பட்டுப் பதக்கம் பெற்றவர். பிறகு பாதிரியாரானார். 1983-ல் அவரும் இன்னும் இருவரும் ராணுவ உடையில் அந்தத் தளத்துக்குள் நுழைந்தார்கள். இரவில், எல் சால்வடார் வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் பக்கத்தில் ஒரு மரத்தில் ஏறினார்கள். ரொமேரோவின் அந்தக் கடைசிப் பிரசங்கத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். பூர்ஷ்வாவுக்கு ஒன்றரை ஆண்டு சிறைத் தண்டனை.

மிம்பரில் நிற்கும் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. யாரை நோக்கிப் பேசப்பட்டதோ, அவர்கள் படுத்திருந்த இடத்துக்கே அந்தப் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

1989 நவம்பர் 16 அன்று எல் சால்வடாரில் ஆறு பாதிரியார்களும், சமையல் வேலை செய்த ஒரு பெண்ணும், அவருடைய மகளும் கொல்லப்பட்டார்கள். அதில் தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட 26 ராணுவத்தினரில் 19 பேர் இந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள். 1990 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் மக்கள் பஸ் பஸ்ஸாக ஃபோர்ட் பென்னிங் வாசலுக்கு வந்தார்கள். மாணவர்கள், கன்னியாஸ்திரிகள், கூடவே போருக்கு எதிரான முன்னாள் ராணுவ வீரர்கள். கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். கூட்டம் ஒவ்வொரு பெயருக்கும், இறந்தவர் இங்கே இருக்கிறார் என்று பதில் கொடுக்கும். எல்லையைத் தாண்டி உள்ளே போனவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அவர்கள் நம் மார்க்கத்தவர் இல்லையே ஹஜ்ரத் என்று கேட்கலாம். நுபுவ்வத்துக்கு முன் மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவருக்காகக் கூடிய ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் நபியவர்கள் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அதற்கு அழைத்தால் வருவேன் என்றார்கள்.

போருக்குப் போகவே மறுத்த முஹம்மது அலீயை நமக்குத் தெரியும். போய்விட்டுத் திரும்பிய ஒருவன், தான் சல்யூட் அடித்த அதே வாசலில் வந்து, நாங்கள் செய்தது தவறு என்று சின்னப் பையன்களிடம் சொல்வது வேறு வகைக் கஷ்டம். அல்பகரா 160-வது வசனத்தில் அல்லாஹ் தவ்பா செய்வது, சீர்திருத்திக்கொள்வது, இவற்றோடு வெளிப்படையாக விளக்கிச் சொல்வதையும் சேர்க்கிறான். வேதத்தை மறைத்தவர்கள் பற்றி இறங்கிய வசனம்தான். ஆனாலும் மறைத்த குற்றத்துக்குத் தனிமையில் அழுவது மட்டும் போதாது என்பது அதில் தெரிகிறது.

சகோதரர்களே, அந்த ஸஹாபாக்கள் தீயில் இறங்கவில்லை. நாமோ விறகும் சேர்க்கிறோம், தீயும் மூட்டுகிறோம், பிறகு முதலாளி சொன்னார், மேலிடத்து உத்தரவு என்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில் இமாமாக இருந்தபோது, ஒரு பெண்ணின் மஹர் விஷயத்தில் நியாயமில்லாத முடிவை எழுதி என் முன்னால் வைத்தார்கள். வேலை போய்விடுமே என்று கையெழுத்துப் போட்டேன். அல்லாஹ்விடம் எத்தனையோ இரவு அழுதேன். அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

போன ரமளானுக்குப் பிறகு பஸ் ஏறிப் போனேன். அவருடைய அண்ணன் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நின்றபடியே சொன்னேன். உள்ளிருந்து அந்தச் சகோதரி, இதை ஜமாஅத்திலும் சொல்வீர்களா ஹஜ்ரத் என்று கேட்டார். அடுத்த மாதம் அந்த ஊர் ஜமாஅத் கூடுகிறது. போகிறேன், இன்ஷா அல்லாஹ். எனக்காக துஆ செய்யுங்கள்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.