எது துணைப்பாடம்?

1968 ஒக்டோபரில், கென்யாவின் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே, கூகி வா தியாங்கோ முதலிய ஆசிரியர் மூவர் ஆங்கிலத் துறையையே ஒழித்துவிடுமாறு கோரினர். ஆங்கில இலக்கியத்தின்மீது அவர்களுக்குப் பகைமை இல்லை. ஆங்கிலேயரின் எழுத்து நடுவிலும் ஆபிரிக்கரின் பாடலும் கதையும் ஓரத்திலும் நிற்பது எந்த நியாயம் என்பதே அவர்தம் வினா.

பாடத்திட்டத்தை வெறும் நிர்வாக ஏற்பாடு என்போர் உளர். அஃது அறப்பிரச்சினை என்போம் நாம். தாயின் தாலாட்டு, விரும்பினாற் கற்கும் துணைப்பாடமாக மட்டும் கிடக்கக் காணும் மாணவன், அதன் மதிப்பு இவ்வளவே என்பதை எவரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறான்.

தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெற்ற நாம் இதைக் கேட்டு மகிழ்ந்துவிடுதல் எளிது. பல்கலைக்கழக விடுதியில் சிங்கள மாணவருடன் நான்காண்டுகள் ஒன்றாக உண்டோம். அவர்தம் இலக்கியத்தைத் துணைப்பாடமாகவேனும் எமக்குத் தாருங்கள் என நாம் ஒருநாளும் கேட்டதில்லை.