மிச்சப்பட்ட நேரம் யாருக்கு?

‘கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு இவளுக்குப் பின்னல் வேலை ஒரு கேடா?’ நம் வீடுகளில் பலமுறை காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் மாமியாராக இருக்கலாம். பெற்ற உம்மாவாகவும் இருக்கலாம். யாரும் வாய்விட்டுக் கேளாத வீட்டில், அந்த இளந்தாயே தன்னை இப்படிக் கேட்டுக்கொள்கிறாள். குழந்தை உறங்கும் அரைமணி நேரத்தில் ஊசியும் நூலும் எடுத்தவள், காலடி ஓசை கேட்டதும் களவு செய்தவளைப் போல அதை மறைத்து வைக்கிறாள். சிறிய செய்திதான். எனினும் அதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. தாயானவளுக்குத் தன்பொருட்டு ஒரு சிறுபொழுதை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டா, இல்லையா?

பிள்ளைப் பேற்றுக்குப் பின்வரும் உதிரப்போக்கு நாள்களுக்கு அரபு மொழியில் ‘நிஃபாஸ்’ என்று பெயர். மூச்சுக்கு ‘நஃபஸ்’, தான் என்னும் உயிர்த்தன்மைக்கு ‘நஃப்ஸ்’, நெருக்கடியில் தவிப்பவரை மூச்சுவிடச் செய்து இளைப்பாற்றுவதற்குத் ‘தன்ஃபீஸ்’. நான்கும் நூன், ஃபா, ஸீன் என்னும் மூன்றெழுத்து வேரில் கிளைத்த சொற்களே. பிள்ளை பெற்றவளைப் பற்றிய சொல்லோடு அவளுடைய ‘தானும்’ மூச்சும் இளைப்பாறுதலும் உறவுகொண்டு நிற்கின்றன.

சொல்லாராய்ச்சி மட்டும் சட்டமாகிவிடாது என்பீர்கள். உண்மை. சட்டத்தையே பார்ப்போம். நிஃபாஸுடைய நாள்களில் அவள்மீது தொழுகை கடமையில்லை. ஹனஃபி மத்ஹபில் அந்நாள்களின் மேல்வரம்பு 40. ஷாஃபி மத்ஹபில் 60. விடுபட்ட நோன்பைப் பின்னர் நோற்க வேண்டும். விடுபட்ட தொழுகையையோ திருப்பித் தொழ வேண்டியதில்லை. அது கடனாக எழுதிவைக்கப்படவில்லை. அறவே தள்ளுபடி செய்யப்பட்டிருக்கிறது. படைத்தவன் தன் உரிமையையே விட்டுக்கொடுத்திருக்கும்போது, படைப்புகளாகிய நாம் நம் உரிமைகளில் ஒன்றையும் விட்டுக்கொடாமல் அவளிடம் கணக்குக் கேட்டு நிற்பது எவ்வகை நியாயம்?

நீண்டநேரம் தொழவைக்க எண்ணி நின்ற பெருமானார் (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாயின் மனம் படும் பாட்டை உணர்ந்து தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இரவெல்லாம் நின்று வணங்கிப் பகலெல்லாம் நோன்பிருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு, இறைவனுக்கு உரிமை இருப்பதுபோலவே உன் குடும்பத்துக்கும் உன் ஆன்மாவுக்கும் உன்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) எடுத்துரைத்தார்கள்; நாயகம் (ஸல்) அவர்களும் அது சரியே என்றார்கள். தன்னை மறந்து வணங்கியவருக்கே இந்த அறிவுரை என்றால், தன்னை மறந்து பாலூட்டுபவளுக்கு இது எத்துணைப் பொருந்தும்!

இங்கே ஓர் ஐயம் எழலாம். பச்சைக் குழந்தைக்கும் உரிமை உண்டே. ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்கும் சிசு ஓய்வு நாள் தருமா? தராது. அதனால்தான் திருமறை அந்தச் சுமையைத் தாயின் தலையில் மட்டும் வைக்கவில்லை. பாலூட்டுவதைப் பற்றிப் பேசும் வசனம் (2:233) தாய்க்கு உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் பொறுப்பாக்குகிறது. குழந்தையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்றும் விதிக்கிறது. குழந்தையின் பெயரால் தாயை வாட்டுவது குழந்தைக்குச் செய்யும் நன்மையன்று.

இனிக் கருவிகளைப் பற்றிப் பார்ப்போம். திரிகை அரைத்துக் கைநொந்த ஃபாத்திமா (ரலி) அவர்கள் தம் தந்தையாரிடம் பணியாள் கேட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. அன்றிரவு பெருமானார் அவர்கள் இல்லத்துக்கே வந்து, பணியாளைவிடச் சிறந்ததாகப் படுக்கைக்குச் செல்லும்போது ஓதும் தஸ்பீஹைக் கற்பித்தார்கள். ‘பார்த்தீர்களா, பொறுத்துக்கொள்ளத்தான் சொன்னார்கள்’ என்று இதை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். கை நோகிறது என்று சொன்ன மகளை நாயகம் (ஸல்) கடியவில்லை. மற்றொன்று இலக்கணம்: ‘நீங்கள் கேட்டதைவிட’ என்று அவர்கள் கூறியது அரபியில் இருமைச் சொல்லாக அமைந்துள்ளது. கேட்கச் சென்றவர் ஃபாத்திமா. ஆனால் கேட்டவர்களாக அலீ (ரலி) அவர்களும் சேர்த்தே எண்ணப்பட்டார்கள். மனைவியின் கைநோவு கணவனின் வழக்குமாகும் என்பது இதில் நாம் பெறும் பாடம்.

இன்று திரிகை இல்லை. ஆட்டுரல் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. கிரைண்டரும் மிக்ஸியும் குக்கரும் சலவை இயந்திரமும் வந்துவிட்டன. வெந்நீருக்குப் பிளாஸ்க் இருக்கிறது. பாலூட்டும்போது முழங்கையைத் தாங்கும் தலையணை இருக்கிறது. பாலைப் பிழிந்தெடுத்து வைக்கும் கருவியும் இருக்கிறது. ஒரு வேளைப் பாலைப் பாட்டியோ வாப்பாவோ பாலாடையில் புகட்டலாம். இவை ஆடம்பரங்கள் அல்ல; பலவீனத்தின்மேல் பலவீனம் சுமந்தவளுக்கு ஊன்றுகோல்கள்.

ஆனால் இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம் எங்கே போயிற்று? கிரைண்டர்தான் இருக்கிறதே என்று இட்லிக்கு ஊறப்போட்டவளிடம் வடைக்கும் சேர்த்து ஊறப்போடச் சொல்கிறோம். இயந்திரம்தானே துவைக்கிறது என்று அரைநாள் உடுத்திய சட்டையையும் கழற்றிப் போடுகிறோம். கருவி அவள் கையில் இருக்கிறது. அது ஈட்டிய பொழுது நம் பையில் விழுகிறது. பிறர் பொருளை எடுப்பதற்குக் கூசும் நாம், பிறர் பொழுதை எடுப்பதற்குக் கூசுவதில்லை. மிச்சப்பட்ட நேரம் அவளுடையது என்பதே என் முடிவு.

அந்தப் பொழுதை அவள் எதில் கழிப்பாள்? முதலில் உறங்கட்டும். உறக்கம் தீர்ந்த பின் எஞ்சும் பொழுதுக்கு ஏற்றது, குழந்தை சிணுங்கியதும் கீழே வைத்து, விட்ட இடத்தில் மீண்டும் தொடரக்கூடிய வேலை. குரோஷா பின்னல் அத்தகையது. அதன் கொக்கி தையலூசிபோல் கூர்மையானதன்று. ஒரு முல்லைக்கொடி வளர்க்கலாம். பத்துப் பக்கம் படிக்கலாம். குழந்தையின் நாள்களை ஏட்டில் குறிக்கலாம். கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடையில் பாய் நெய்யும் நம் பெண்களுக்கு நெசவு தொழில். அதற்குத் தவணையும் கூலியும் உண்டு. இதற்கோ தவணையில்லை, முடிக்காவிட்டாலும் குற்றமில்லை. விரல் ஓயாமல் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருப்பதை மட்டும் இதில் சேர்க்க மாட்டேன். அதை வைத்த பிறகு மனம் முன்னிலும் களைத்திருக்கிறது.

இது வீண்பொழுதன்றோ என்பார்க்கு ஒரு சொல். ரமலான் இரவுகளில் நாம் தொழும் ‘தராவீஹ்’ என்பதன் பொருள் ‘இளைப்பாறுதல்கள்’. நான்கு ரக்அத்துகளுக்கு ஒருமுறை அமர்ந்து இளைப்பாறியதால் அத்தொழுகைக்கே அப்பெயர் வந்தது. ஓய்வு வணக்கத்துக்குப் பகையாக இருந்திருந்தால் வணக்கம் அதன் பெயரைச் சூடியிருக்குமா?

ஓர் எச்சரிக்கையும் தேவை. பின்னலும் பூச்செடியும் மருந்தல்ல. பேற்றுக்குப் பின் முதல் சில நாள்களில் காரணமின்றிக் கண் கலங்குவது பலருக்கும் வருவது. அது தானே தணியும். இரண்டு வாரங்களுக்கு மேலும் துயரம் நீடித்தால், குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வராவிட்டால், வாழ்வே வேண்டாமென்று தோன்றினால், அது நோய், ஈமானின் குறைவன்று. வளரும் நாடுகளில் பிள்ளை பெற்றவர்களுள் ஏறத்தாழ 100க்கு 20 பேர் இத்தகைய மனநலக் குறைவுக்கு ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருத்துவரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்வது வீட்டாரின் கடமை.

பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். அந்த ஸுன்னத்தைப் பேண விரும்பும் கணவர்களுக்குத் தூளிக் கயிறு கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்குகிறது. அரைமணி நேரம் அதை ஆட்டுங்கள். அவள் பின்னலை எடுக்கும்போது, என்ன பின்னுகிறாய் என்று அன்போடு கேளுங்கள். எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.