தெரியாது என்று சொல்லத் துணிந்தவரே தலைவர்

"எனக்கு வேதியியல் மட்டும்தான் தெரியும். பொறியாளரையும் கணினிக்காரரையும் வைத்துக்கொண்டு நான் எப்படிக் குழு நடத்துவது?" என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கிறீர்களா? போதும், நிறுத்துங்கள்! எல்லாம் தெரிந்தவர்தான் தலைமை தாங்கலாம் என்றால் உலகில் ஓர் ஆய்வுக் குழுவும் கூடியிருக்காது. நாலு பேர் முன்னால், "இது எனக்குப் புரியவில்லை, சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்கிற நெஞ்சுரம் இருக்கிறதா? எழுந்து வாருங்கள், தலைமை நாற்காலி உங்களுக்குத்தான்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைப் பாருங்கள். அன்று ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவாக இருந்தது அது. மின்குறிகையைப் பெருக்கும் வெற்றிடக் குழாயை நம்பி வெகுகாலம் ஓட்ட முடியாது என்று உணர்ந்த அதன் நிர்வாகி மெர்வின் கெல்லி, அதற்கு மாற்று தேட 1945இல் இயற்பியலர், வேதியியலர், மின்னணுப் பொறியாளர் எல்லோரையும் ஒரே குழுவாக்கினார். இயற்பியலர் ஷாக்லியும் வேதியியலர் மார்கனும் கூட்டுத் தலைவர்கள். இடநெருக்கடியால் கோட்பாட்டு இயற்பியலரான பார்டீன், சோதனைக்காரர் பிராட்டெய்னின் அறையிலேயே மேசை போட்டார். அந்த நெருக்கடிக்குக் கோடி நன்றி! 1947 நவம்பரில் சோதனை தடுமாறியபோது, மின்னழுத்தத்தை மாற்றிப் பாருங்கள் என்று வழி காட்டியவர் வேதியியலர் கிப்னி. டிசம்பரில், முக்கோணப் பிளாஸ்டிக் துண்டில் தங்கத் தாளை ஒட்டி, முனையை பிளேடால் கீறி, ஜெர்மானியத்தின் மேல் அழுத்திப் பிடித்தார் பிராட்டெய்ன். டிரான்சிஸ்டர் பிறந்தது.

இனிதான் பாடம். ஷாக்லிக்கு மூளையில் குறைவே இல்லை; 1956இல் நோபல் பரிசை பார்டீன், பிராட்டெய்ன் இருவரோடும் பகிர்ந்துகொண்டவர். ஆனால் தன் குழு தன்னை முந்திவிட்டதை அவரால் தாங்க முடியவில்லை. தன் பெயரில் மட்டும் காப்புரிமை கேட்க முனைந்தார். மனம் கசந்த பார்டீன் 1951இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1972இல் இன்னொரு நோபலே வாங்கினார். ஷாக்லி தனியே தொடங்கிய ஆய்வகத்தை விட்டு 1957இல் எட்டுப் பேர் ஒரே மூச்சில் வெளியேறினார்கள். அறிவு இருந்தது, அடுத்தவர் உயர்ந்தால் நாம் தாழ்ந்துவிடமாட்டோம் என்ற தெம்பு இல்லை. தன்னம்பிக்கைக் குறைவு மேதைகளையும் விடாது, பார்த்துக்கொள்ளுங்கள்!

அதே பெல் ஆய்வகத்தில் கார்டன் டீல் என்று ஒரு வேதியியலர். ஒற்றைப் படிகம் இல்லாமல் நல்ல டிரான்சிஸ்டர் வராது என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். ஷாக்லி தேவையில்லை என்று தள்ளினார். டீல் சோர்ந்தாரா? ஜான் லிட்டில் என்ற இயந்திரப் பொறியாளரோடு சேர்ந்து படிகம் இழுக்கும் கருவியைச் செய்தார். அதற்குச் சக்கரம் பூட்டி, இரவில் உருட்டி வந்து வேலை பார்த்தார். விடிந்ததும் ஓரங்கட்டி வைத்தார். ஷாக்லி பின்னர் வடிவமைத்த சந்தி (junction) டிரான்சிஸ்டரே கடைசியில் அந்தப் படிகத்தில்தான் உருவானது. பின்னாளில் ஷாக்லியே தன் எதிர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார்.

உங்கள் நிறுவனத்திலும் இரவில் கருவி உருட்டும் ஒருவர் இருப்பார். அடுத்த மாடியில், வேறு துறையில், யாரும் கூப்பிடாமல் இருப்பார். நாளைக் காலையே அவர் கதவைத் தட்டுங்கள். பகலிலேயே அவருக்கு ஒரு மேசை வாங்கிக் கொடுங்கள். மேலதிகாரியிடம் சண்டை போட்டாவது வாங்கிக் கொடுங்கள். கூட்டத்தில் அவரை முதலில் பேசவிட்டு, நீங்கள் கடைசியில் பேசுங்கள். அறிக்கை எழுதும்போது, யோசனை யாருடையதோ அவர் பெயரை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.