வினை யாருடையது?

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெண்பிள்ளை பாலியல் வன்முறைக்கு ஆளானால், பொலிசுக்குத் தெரியும் முன்பே லயத்தில் தீர்ப்பு வந்துவிடுவதுண்டு: அது அவள் தலையெழுத்து. சொல்பவர் பெற்ற தாயாகவும் இருக்கலாம். சமயத்தின் பெயரால் சொல்லப்படுவதால் இதற்குச் சமயத்துக்குள்ளிருந்தே மறுமொழி வேண்டும்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இப்பிறவியில் நுகர வருவது பிராரத்தம். இப்போது செய்வதால் புதிதாக ஏறுவது ஆகாமியம். தலையெழுத்து என்போர் பிராரத்தத்தோடு நின்றுவிடுகிறார்கள். கையை நீட்டியவனின் ஆகாமியத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஒருத்தியின் பழவினை இன்னொருவன் செய்யும் கொடுமைக்கு உரிமைச்சீட்டு ஆகாது. கண்டும் வாளாவிருப்பதும் வினைதான்.

தோட்டந்தோறும் கோயில் கொண்டிருக்கும் மாரியம்மனை நாட்டார் கதை ரேணுகாதேவி என்கிறது. நீரில் கந்தர்வனின் நிழலைக் கண்டதற்காக, கணவன் ஆணையிட, மகன் கையால் தலை வெட்டுண்டவள் அவள். அவளுக்குக் கரகம் பாலித்துவிட்டு, குற்றமேதும் செய்யாத பெண்ணைக் கெட்டுப்போனவள் என்று ஒதுக்குவது எந்த வழிபாடு?

கிறிஸ்தவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. தாவீது அரசனின் மகள் தாமாரின் கதையை விவிலியத்தில் சாமுவேலின் இரண்டாம் நூல் மறைக்காமல் சொல்கிறது. தந்தைவழிச் சகோதரன் அம்னோன் அவளைக் கெடுக்கிறான். உடன்பிறந்த அப்சலோம் பேசாதிரு என்கிறான். தாவீது அரசன் கோபப்பட்டதோடு சரி. இரண்டு வருடத்தில் அந்தக் குடும்பத்தில் கொலை விழுகிறது. மன்னித்துவிடு என்று அவளை வாயடைப்பதும் தீர்வல்ல; மன்னிப்பு பாதிக்கப்பட்டவள் தானாகத் தர வேண்டியது. பாதிரியாரோ தோட்டத் தலைவரோ அதைக் கேட்டு வாங்க முடியாது.

பணம் கொடுத்தோ, செய்தவனுக்கே கட்டிவைத்தோ பேசித் தீர்ப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவைப்படி 16 வயதுக்குக் குறைந்த சிறுமியின் சம்மதம் சம்மதமே அல்ல.

தீட்டு என்ற எண்ணம் செய்யும் கேட்டைப் பீலியடியில் பார்க்கலாம். அழுதுகொண்டே தாய் மகளுக்குத் தலைக்கு ஊற்றுகிறாள். பாவாடையைக் கசக்கி அலசுகிறாள். பாசத்தால் செய்வதுதான், ஆனால் சட்ட வைத்திய அதிகாரி தேட வேண்டிய தடயம் அத்தனையும் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. குளிப்பாட்டாமல், உடுப்பைக் காகிதப் பையில் போட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். கர்ப்பத்தையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகள் 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டியவை.

இது தாய் ஒருத்தியால் ஆகிற காரியமல்ல. முதலில் அறிபவர் குடும்பநல உத்தியோகத்தராகவோ பிள்ளைக்காம்பரா பொறுப்பாளராகவோ இருக்கலாம். வாகனத்துக்குத் தலைவரோ துரையோ வேண்டும். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் வாசித்துச் சரிபார்க்க இருமொழியும் தெரிந்த துணை வேண்டும். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 ஆகிய தொலைபேசி இலக்கங்கள் உள்ளன. பூசாரியும் பாதிரியாரும் அந்த வீட்டு இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தாலே ஊர் வாய் பாதி அடங்கும்.

தாய் வளைகுடா நாட்டில் வேலைக்குப் போயிருக்க, பிள்ளைகள் உறவினர் பொறுப்பில் வளரும் காம்பராக்கள் பல. தீங்கு பெரும்பாலும் தெரிந்தவராலேயே வருகிறது. ஆகவே வழக்கு முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவருக்குத் திருவிழாவில் பரிவட்டம் கட்டுவதையும், அறநெறிப் பாடசாலையிலோ மறைக்கல்வி வகுப்பிலோ அவரிடம் பிள்ளைகளை ஒப்படைப்பதையும் கோயில் சபையும் பங்குச் சபையும் நிறுத்தி வைக்க வேண்டும், அவர் எத்தனை பெரிய உபயகாரராக இருந்தாலும்.