அக்காவுக்கு எந்த நம்பர்?

எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கும் அக்கா, 'உத்யம்' பதிவுக்கு என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். சிறுதொழில்களுக்காக மத்திய அரசு 2020 ஜூலையில் கொண்டுவந்த பதிவு. பிரவுசிங் சென்டர் பையன் எடுத்த எடுப்பிலேயே கவிழ்த்துவிட்டான். "மேனுஃபேக்சரிங்கா, சர்வீஸாக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். பி.காம். படித்தவனாயிற்றே!

விஷயம் இதுதான். ஒவ்வொரு தொழிலுக்கும் அரசாங்கம் ஓர் எண் வைத்திருக்கிறது. 2008 பட்டியலில் ஐந்து இலக்கம் வரை பிரித்து, 1,304 வகைகள். மாவைப் பாக்கெட்டில் விற்றால் 10-ல் ஆரம்பிக்கும், உணவுப்பொருள் உற்பத்தி. அதையே இட்லியாக ஊற்றித் தட்டில் வைத்தால் 56, உணவுச் சேவை. நடுவில் இருப்பது பத்து நிமிட ஆவி!

வெறும் நம்பர்தானே என்று விட்டுவிட முடியாது. சில்லறை வியாபாரத்துக்கு 47. அதை 2017-ல் சிறுதொழில் பதிவிலிருந்து வெளியே தள்ளினார்கள். 2021 ஜூலையில், முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்று திரும்பச் சேர்த்தார்கள். கடையும் அதே, கல்லாப்பெட்டியும் அதே.

பத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கும்போது அக்கா கேட்டார்: "நாலரைக்கு எந்திரிச்சு வீட்டுக்கு ஆக்கிப் போடறேனே, அது எந்த நம்பரு சார்?"

என் டிகிரி இங்கே உதவவில்லை. அடுத்த வீட்டில் சம்பளத்துக்குச் சமைத்தால் 97. சொந்த வீட்டுச் சமையலுக்கு 98 என்று ஓர் ஓரத்துத் தட்டு உண்டு, ஆனால் தேசிய வருமானத்தில் சேராது. அக்கா மாவு விற்காமல் வீட்டோடு இருந்திருந்தால், வேலைவாய்ப்பு சர்வேயில் 92 என்று குறித்து, உழைப்பவர்கள் கணக்குக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். சமையல்காரியை முதலாளி கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று பொருளாதார மேதை பிகு போன நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டிவிட்டார்.

அளக்க ஒரு கோல் வேண்டும், பணம்தான் கைக்கு வாகான கோல், ஒப்புக்கொள்கிறேன். அம்மா போட்ட தோசைக்கு பில் போட யாருக்கு மனசு வரும்? ஆனால், விலை போடாததை வேலையே இல்லை என்று எழுதுவது வேறு சங்கதி. தெரியாமல் எழுதுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2019-ல் அரசே எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வே சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது தினம் 299 நிமிடம், ஆண்கள் 97. (என் வீட்டில் கேட்டால், அந்த 97-ஐயே நம்ப மாட்டார்கள்.)

இதையெல்லாம் சொல்லி, "உங்க சமையலையும் கணக்குல சேர்க்கணும்க்கா" என்றேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "வேணாம் சார், அதுக்கும் வரி கேப்பாங்க. அந்த 299 சொன்னீங்களே, அதை மட்டும் எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒருதரம் படிச்சுக் காட்டுங்க."