வலிக்குச் சாட்சி

என் தாயார் நாலு வருஷமாகப் பாதம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை அவளிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். பென்னாகரம் வீட்டில் இரவு நேரங்களில் சிமெண்டுத் தரையில் பாதங்களை அழுத்தியபடி உட்கார்ந்திருப்பாள். புண் இல்லை, வீக்கம் இல்லை, நிறம்கூட மாறவில்லை. நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். சென்ற வருஷம் ஒரு டாக்டர் அவள் காலிலிருந்து துளி தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நரம்பிழைகள் குறைந்திருப்பதாக அறிக்கை வந்தது. அன்று நம்பினேன். "இதத்தானடா நாலு வருஷமாச் சொல்றேன்" என்றாள்.

நான் நம்பியது யாரை? அவளையா, அந்தக் காகிதத்தையா?

நரம்பிழைகளில் தடித்தவை உண்டு, மெல்லியவை உண்டு. மின் பரிசோதனை அளப்பது தடித்தவற்றைத்தான். சூடு, குளிர்ச்சி, வலி இவற்றைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகள் பழுதானாலும் அதில் தெரியாது. ஆகவே கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே, காலின் வெளிப்புறத்தில், மரத்துப்போக ஊசி போட்டு 3 மி.மீ. அகலத்துக்குத் தோலைத் துளைத்தெடுக்கிறார்கள். தையல்கூட வேண்டாம். அதைச் சீவல்களாக்கி, நரம்பில் உள்ள ஒரு புரதத்தை மட்டும் காட்டும்படி சாயமேற்றி, மேல்தோலுக்குள் ஏறும் இழைகளை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். மில்லிமீட்டருக்கு இத்தனை என்று கணக்கு. ஆரோக்கியமானவர்களின் கணக்கோடு, வயதும் பாலும் பார்த்து, அதை ஒப்பிடுகிறார்கள். குறைவுக்கு அடிக்கடி காணப்படும் காரணம் சர்க்கரை நோய்.

ஆனால் எண்ணப்படுவது இழை, எரிச்சல் அல்ல. இழைகளின் கணக்கும் வேதனையின் அளவும் சீராகப் பொருந்துவதில்லை.

இதற்குத் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். தொழுநோய்க் கிருமி நரம்பைத் தின்கிறது. அங்கும் தோலில் மெல்லிய இழைகள் அழிகின்றன. அந்த நோயாளி நெருப்பைத் தொட்டாலும் உணர்வதில்லை. என் தாயாருக்கோ நெருப்பே இல்லாமல் எரிகிறது. இழை குறைந்த இரண்டு தோல்கள். எதிரெதிரான இரண்டு அனுபவங்கள். எது எரிகிறது, எது மரத்திருக்கிறது என்பதை இழைகளின் எண்ணிக்கை சொல்லாது. உடையவர்தான் சொல்ல வேண்டும். அதாவது, எந்த வார்த்தையைச் சந்தேகித்து நிரூபணம் கேட்டேனோ, அந்த வார்த்தை இல்லாமல் நிரூபணத்துக்கே அர்த்தமில்லை.

1953-இல் வெளிவந்த விட்கென்ஸ்டைனின் நூலில் ஒரு கற்பனை வருகிறது. எல்லோரிடமும் ஒரு பெட்டி. உள்ளே இருப்பது வண்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அவரவர் பெட்டிக்குள் மட்டுமே அவரவர் பார்க்க முடியும். பயாப்ஸி அடுத்தவர் பெட்டியைத் திறந்துவிட்டதுபோல் ஒரு பிரமையைத் தருகிறது. அது பரிசோதித்தது பெட்டியின் பலகையைத்தான்.

சாட்சி கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வங்கியில் என் ஜீவனமே அதுதான். நவம்பர் மாதம் ஓய்வூதியர்கள் தாம் உயிரோடிருப்பதற்கான சான்றுடன் என் கவுண்டருக்கு வருகிறார்கள். எதிரே மூச்சு வாங்க நிற்பவரிடமே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குகிறேன். பணம் பொதுவானது, அங்கே சந்தேகம் நியாயம். எங்கள் ஜில்லாவில் ஃபுளோரைடு நீர் குடித்தவர்களின் பல்லில் கறை எல்லோருக்கும் தெரிந்தது. 2013-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. பொதுக் காரியத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் சாட்சி உதவுகிறது. என் தாயாருக்கும் அறிக்கை உதவிற்று, மருந்து மாறியது.

என் தவறு, கவுண்டரின் சந்தேகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது. அவள் என்னிடம் கடன் கேட்கவில்லை. எரிகிறது என்றாள். அதை நம்பியிருந்தால் லீவு போட்டிருக்க வேண்டும், சேலத்துக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும், இரவுகளில் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். சந்தேகத்துக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. நான் அதை அறிவின் கறார்த்தனம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வாஸ்தவத்தில் அது சௌகரியம்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. எண்ணிக்கை சரியாக இருப்பதாக அறிக்கை வந்திருந்தால்? அவள் அன்று இரவும் தரையில் பாதத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.