பெருநாள் பலகாரம் யாருடைய ஈகை?

நோன்புப் பெருநாளை ஈகைத் திருநாள் என்று தமிழில் அழைக்கிறோம். அப்பெயரிலேயே அந்நாளின் பொருள் அடங்கியிருக்கிறது. வறியவர்க்கு ஃபித்ரா, அண்டை அயலார்க்குப் பலகாரத் தட்டு. முன்னது கடமை, பின்னது அன்பு. கடமையைப் பற்றி ஆலிம் பெருமக்கள் ஆண்டுதோறும் விளக்கம் தருகின்றனர். அன்பைப் பற்றி யாரும் கேள்வி எழுப்புவதில்லை. எனினும், எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வீட்டின் பெயரால் வெளியே செல்லும் அந்தத் தட்டு உண்மையில் யாருடைய ஈகை?

தமக்கு உரியதையே ஒருவர் ஈய முடியும். பிறர் பொருளை எடுத்து வழங்குபவரை யாரும் வள்ளல் என்று போற்றுவதில்லை. பலகாரத்திற்கு வேண்டிய அரிசி, தேங்காய், கருப்பட்டி, முட்டை, நெய் ஆகியவற்றை வாங்கித் தந்தவருக்கு அதற்குரிய நன்மை நிச்சயம் உண்டு. ஆனால், பொருள் மட்டுமே பலகாரம் ஆகிவிடுமா?

கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களில் தொதல் கிண்டுவதைக் கண்டவர்கள் இதற்கு விடை அறிவார்கள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகும் கலந்து அடுப்பேறிய பின் அகப்பையை நிறுத்த வழியில்லை, நிறுத்தினால் அடிபிடித்துவிடும். மாவு இறுக இறுகக் கை கனக்கும். எண்ணெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் பதம் வரை மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். வட்டிலப்பம் பார்வைக்கு எளியது. ஆயினும் தேங்காய் துருவிக் கெட்டிப்பால் பிழிய வேண்டும். முட்டையை நன்கு அடிக்க வேண்டும். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்ட வேண்டும். ஏலம் சேர்த்து, ஆவியில் பக்குவமாக வேகவைக்க வேண்டும். அச்சு முறுக்கிற்கோ அச்சு சூடாகவே இருந்தாக வேண்டும். ஆறினால் மாவு அதில் பிடிக்காது. ஒவ்வொன்றாய்த் தோய்த்து, பொரித்து, உதறி எடுக்கும் வரை எண்ணெய்ச் சட்டியின் முன்னிருந்து எழ முடியாது.

இத்தனையும் எப்போது நடைபெறுகின்றன? நோன்பின் இறுதி நாள்களில். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் சமைத்து ஓய்ந்த அதே கைகளால். பிறை தென்பட்டுப் பள்ளிவாசலில் தக்பீர் முழங்கும் இரவில், பல வீடுகளில் ஒரு பெண் மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறாள். மறுநாள் காலையில் எல்லோரும் புத்தாடை அணிந்து மகிழும்போது அவளுடைய கண்கள் உறக்கத்திற்கு ஏங்குகின்றன. அவள் தன் பெருநாளையே தட்டில் வைத்து அனுப்பியிருக்கிறாள் என்றாலும் மிகையாகாது.

ஃபித்ராவின் முறையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஆண், பெண், சிறியவர், பெரியவர் என ஒவ்வொருவர் பொருட்டும் அதனைக் கொடுக்க வேண்டும் என்றும், மக்கள் பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் கொடுத்துவிட வேண்டும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததை நபித்தோழர் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். குழந்தையின் பங்கைக்கூட நாம் விடுவதில்லை. தலை எண்ணித்தான் அளக்கிறோம். உண்பதற்கும் தலை எண்ணுகிறோம். ஒரே சஹனைச் சுற்றிச் சேர்ந்தமர்ந்து உண்ணும் வழக்கத்தை நம் ஊர்களில் பெருமையுடன் போற்றுகிறோம். கொடுப்பதற்கும் உண்பதற்கும் தலை எண்ணும் நாம், உழைப்பதற்கு மட்டும் ஏன் ஒரு தலையோடு நிறுத்திக்கொள்கிறோம்?

“அவள் விரும்பித்தானே செய்கிறாள்?” என்று கேட்கலாம். உண்மை. தன் கைப்பக்குவத்தைப் பிறர் புகழக் கேட்பதில் தாய்மார்கள் அடையும் மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் விருப்பம் என்பது, மறுக்கவும் இடமிருக்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். “இவ்வாண்டு என்னால் இயலாது” என்று அவள் சொன்னால் வீடு முகம் கோணாமல் ஏற்குமா? ஏற்குமானால் அது விருப்பம். ஏற்காதெனில் அதற்கு வேறு பெயர் தேட வேண்டும்.

“கடையில் வாங்கிவிட்டால் தொல்லையில்லையே” என்பது மற்றொரு விடை. அதில் குற்றமேதுமில்லை, புதுமையும் இல்லை. பாத்திமியர் ஆட்சிக் காலத்துக் கெய்ரோவில் பெருநாள் பலகாரம் செய்து வழங்குவதற்கென்றே தாருல் ஃபித்ரா என்னும் தனி நிலையம் இருந்தது. இயலாதவர்க்கும் பணியில் இருப்பவர்க்கும் கடைப் பலகாரம் பேருதவி. ஆயினும் பணத்தால் மட்டும் முடிந்த ஈகையில் பிள்ளைகள் கற்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. தேங்காய் துருவிய சிறுவனுக்குத்தான் அண்டை வீட்டிற்குச் செல்லும் தட்டில் தனக்கும் பங்குண்டு என்பது விளங்கும்.

“அடுப்படி ஆண்களுக்கு உரியதா?” என்று தயங்குவோரும் உளர். வீட்டில் பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழச் செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். இதற்குமேல் சான்று வேண்டுமோ? நம் தொதலுக்குப் பெயரிலும் பக்குவத்திலும் உறவான தோதோலை மலாய்க் கிராமங்களில் பெருநாளை முன்னிட்டுப் பெரிய கொப்பரையில் கிண்டும்போது, ஆண்கள் முறைவைத்துத் துடுப்புப் பிடிப்பதைக் காணலாம். கடல் கடந்து பண்டம் பரிமாறிய நாம் அந்த நல்வழக்கத்தையும் பரிமாறிக்கொள்வதில் இழுக்கென்ன?

இன்னொன்றும் உண்டு. அண்டை வீட்டாருக்கு அனுப்புவது ஓர் ஆட்டுக் குளம்பேயானாலும் அதனை அற்பமாகக் கருத வேண்டாம் என்பது நபிமொழியின் கருத்து. சிறிது என்று நாணவேண்டியதில்லை என்று மார்க்கம் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க, எதிர்வீட்டுத் தட்டில் ஐந்து வகை வந்ததால் நம் தட்டில் ஏழு வகை வேண்டும் என்று எண்ணுவது எதற்காக? அங்கே அன்பு பின்னொதுங்கிப் பெருமை முன்வந்துவிடுகிறது. அந்தப் பெருமைக்கான விலையை அடுப்படியில் நிற்பவளே செலுத்துகிறாள்.

பலகாரத்தைக் கைவிடுக என்று நாம் கூறவில்லை. சமய வேறுபாடின்றித் தெருவெங்கும் சென்று, வெறுமையாகத் திரும்பாமல் ஒரு பிடி சர்க்கரையேனும் ஏந்தி வரும் அந்தத் தட்டு நம் சமூக வாழ்வின் செல்வம். அதனை வீடே சேர்ந்து செய்வோம். ஏழு வகை வேண்டாம். எல்லோரும் கைவைத்த ஒரு வகை போதும். தகப்பனார் தேங்காய் உடைக்கட்டும். மகன் தொதல் கிண்டட்டும். சிறு பிள்ளைகள் ஏலம் உரிக்கட்டும். தக்பீர் ஒலிக்கும் இரவில் வீட்டுத் தலைவியும் சற்று அமர்ந்து அதனைச் செவிமடுக்கட்டும். அப்போதுதான் அந்தத் தட்டை “எங்கள் வீட்டுப் பலகாரம்” என்று சொல்லிக் கொடுக்கும் உரிமை வீட்டார் அனைவருக்கும் உண்டாகும்.